பக்கமே முகமான நாள்: ஸ்மோக்ஹவுஸ் கிரீக் புல்வெளித் தீ, 2024

2024 பிப்ரவரி 26, திங்கட்கிழமை பிற்பகல். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பான்ஹேண்டில் என்று அழைக்கப்படும் வடகோடி மேய்ச்சல் பகுதி. ஸ்டின்னெட் என்ற சிற்றூருக்கு வெளியே, உளுத்துப்போன மர மின்கம்பம் ஒன்று பலத்த காற்றில் முறிந்து சாய்ந்தது. காய்ந்த புல்லில் கம்பி பட்டது. அங்கே பற்றிய நெருப்பு மாநில எல்லையைக் கடந்து ஓக்லஹோமாவுக்குள்ளும் நுழைந்தது. மார்ச் 16 அன்றுதான் அது முழுமையாகக் கட்டுக்குள் வந்ததாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் எரிந்த பரப்பு 10,58,482 ஏக்கர், அதாவது ஏறத்தாழ 4,280 சதுர கிலோமீட்டர். டெக்சாஸ் வரலாற்றில் பதிவான தீக்களில் இதுவே மிகப் பெரியது.

இந்தத் தீயைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்த ஏக்கர் கணக்கிலேயே நின்றுவிடுகிறது. எவ்வளவு எரிந்தது என்பதைவிட, எந்த நேரத்தில் எந்த ஓரம் அணைக்கப்படாமல் கிடந்தது என்பதே இந்த நிகழ்விலிருந்து கற்க வேண்டியது என்று நான் நினைக்கிறேன். அதனால் இந்த ஆய்வு முதல் இரண்டு நாட்களில் அதிக நேரம் நிற்கிறது. பிந்தைய இரண்டு வாரங்களை விரைவாகக் கடக்கிறது.

எரிபொருள் எப்படிச் சேர்ந்தது

தீ என்றாலே வறட்சியைத்தான் முதலில் நினைக்கிறோம். புல்வெளியில் கதை வேறு. அங்கே பெருந்தீக்கு முதல் தேவை நல்ல மழை. 2023 மே, ஜூன் மாதங்களில் அமரில்லோ வட்டாரத்தில் வழக்கத்தைவிட மிக அதிகமாக மழை கொட்டியது. பண்ணைக்காரர்கள் மகிழ்ந்தார்கள், புல் அடர்ந்து உயர்ந்து வளர்ந்தது. குளிர்காலம் வந்ததும் அந்தப் புல் பச்சையம் இழந்து, வேரை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டு, தண்டும் தாளுமாகக் காய்ந்து நின்றது. பிப்ரவரி இறுதியில் அந்த நிலத்தில் கால் வைத்தவருக்கு முழங்கால் வரை வைக்கோல்தான்.

மரக்கட்டை ஈரத்தை இழக்க நாட்கணக்காகும். புல்லின் தாள் காற்றிலுள்ள ஈரத்தோடு ஒரு மணி நேரத்துக்குள் ஒத்துப்போய்விடும். காலையில் பனியில் நனைந்திருந்த புல், உச்சி வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்தால் மதியத்துக்குள் தீக்குத் தயாராகிவிடும். முந்தைய வாரம் மழை பெய்தது, நிலம் ஈரமாக இருக்கிறது என்ற ஆறுதலெல்லாம் இங்கே செல்லாது. அன்று அமரில்லோவில் வெப்பம் 28 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. பிப்ரவரிக்கு அது மிக அதிகம். மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசிக்கொண்டிருந்தது.

இந்த வானிலை அமைப்பு அப்பகுதிக்குப் புதியதல்ல. முதலில் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வெப்பமான, வறண்ட, பலத்த காற்று. பின்னர் குளிர்முனை ஒன்று, அதாவது முன்னேறி வரும் குளிர்காற்றின் விளிம்பு, கடந்துபோகும். காற்று சட்டென்று வடக்குக்குத் திரும்பும். தென் சமவெளியின் கொடிய தீக்கள் பலவும் இந்த வரிசையில்தான் நடந்திருக்கின்றன. அதே பான்ஹேண்டிலில் 2006 மார்ச் 12 அன்று தொடங்கிய கிழக்கு அமரில்லோ தீத்தொகுதி 9,07,245 ஏக்கரை எரித்து 12 பேரைக் கொன்றது. 2017 மார்ச் 6 அன்று மூண்ட தீக்களில், மாடுகளைக் காப்பாற்றப் போன இளைஞர்கள் டெக்சாஸில் உயிரிழந்தார்கள். ஆகவே 2024 பிப்ரவரி 26 காலையில் ஆபத்து யாருக்கும் தெரியாத ஒன்றாக இருக்கவில்லை. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை தீ எச்சரிக்கை கொடுத்திருந்தது. காற்று திரும்பப்போவதும் முன்கூட்டியே கணிக்கப்பட்டிருந்தது.

முதல் நாள்: ஓடும் தலை, நீளும் பக்கம்

புல்வெளித் தீக்கு ஓர் உடலமைப்பு உண்டு. காற்றின் திசையில் பாய்ந்து ஓடும் முனை தலை. தொடங்கிய இடம் வால். இரண்டுக்கும் நடுவே இருபுறமும் நீண்டு கிடப்பவை பக்கங்கள். காற்று பலமாக அடித்தால் தீ அகலமாகப் பரவாது. நீளவாக்கில் நீண்டுகொண்டே போகும். தலை சில கிலோமீட்டர் அகலம் இருக்கும்போது ஒவ்வொரு பக்கமும் பல பத்துக் கிலோமீட்டர் நீண்டிருக்கும்.

தலைக்கு எதிரே போய் யாரும் நிற்க முடியாது. காய்ந்த புல்லில், பெருங்காற்றில், தீ மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. அதன் முன்னால் நின்று தண்ணீர் அடிப்பவருக்குத் தப்பிக்க வழி இல்லை. ஆகவே அனுபவமுள்ள படைகள் வாலில் தொடங்குகின்றன. ஏற்கனவே எரிந்து முடிந்த இடத்தைப் பிடிமானமாக வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தை ஓரமாக அணைத்தபடி தலையை நோக்கி முன்னேறுவார்கள். ஒரு கால் எப்போதும் கருகிய நிலத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு முதல் பாடம். கருகிய நிலத்தில் எரிவதற்கு எதுவும் மிச்சமில்லை. அதுவே அவர்களுக்குப் புகலிடம்.

இந்த வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஒரு டிரக். பின்னால் ஆயிரம் லிட்டரை ஒட்டிய தண்ணீர்த் தொட்டி, ஒரு சிறிய பம்பு. ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் குழாயைப் பிடித்திருப்பார். வண்டி கருகிய பக்கத்தில், தீயின் ஓரத்தை ஒட்டி, நடை வேகத்தைவிடச் சற்றே விரைவாக நகரும். குழாயிலிருந்து வரும் தண்ணீர் சுடரின் உச்சிக்கு அல்ல, புல்லின் அடிக்குப் போக வேண்டும். புல் ஓரிடத்தில் சுடர்விட்டு எரிவது பத்துப் பதினைந்து நொடிகள்தான். அந்த ஓரத்தை நனைத்துவிட்டால் சுடர் அடங்கிவிடும். ஆனால் பின்னால் இன்னொரு வண்டி வர வேண்டும். முதல் வண்டி தாண்டிப் போன இடத்தில் காய்ந்த சாணம் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருக்கும். மாடு மேயும் நிலத்தில் இப்படிப்பட்ட சாணக் குவியல் எங்கும் கிடக்கும். வெளியே சாம்பல் பூத்து அணைந்ததுபோலத் தெரியும். ஒரு பலத்த காற்று வந்தால் தீப்பொறி எரியாத புல் பக்கம் உருண்டுவிடும். அதைக் கிளறி, உடைத்து, நனைத்தால்தான் அந்த ஓரம் உண்மையில் அணைந்ததாகப் பொருள். குழாயை முழுதாகத் திறந்தால் தொட்டி சில நிமிடங்களில் காலி. மீண்டும் நிரப்ப எங்கே போவது? பண்ணையில் மாட்டுக்கான தண்ணீர்த் தொட்டி இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் ஊர்வரை போய் வர வேண்டும். அந்த நேரத்தில் ஓரம் மறுபடி பற்றிக்கொண்டிருக்கும்.

இந்த வண்டிகளை ஓட்டியவர்கள் யார் என்பதும் முக்கியம். டெக்சாஸின் தீயணைப்புப் படைகளில் பெரும்பாலானவை தன்னார்வலர்களால் நடப்பவை. சம்பளம் கிடையாது. பகலில் பள்ளியிலோ எண்ணெய்க் கிணற்றிலோ பண்ணையிலோ வேலை செய்பவர்கள், அழைப்பு வந்ததும் ஓடி வருகிறார்கள். அவர்களோடு பண்ணைக்காரர்கள் தங்கள் பிக்கப் வண்டிகளில் தெளிப்பான் தொட்டியை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) நிர்வாகத்தின் சாலை கிரேடர்கள் புல்லைச் சுரண்டி, தீ தாண்டாதபடி மண்கோடு போட்டன. டெக்சாஸ் ஏ அண்ட் எம் வன சேவை புல்டோசர்களையும் பயிற்சி பெற்ற ஆட்களையும் அனுப்பியது. இத்தனை பேரும் ஒருங்கே இறங்கியும், பக்கம் நீண்ட வேகத்துக்கு அணைக்கும் வேகம் ஈடுகொடுக்கவில்லை. அன்று அவர்கள் எதிர்கொண்டது ஒரு தீயை மட்டுமல்ல. ஏறத்தாழ அதே நேரத்தில் விண்டி டியூஸ் என்று பெயரிடப்பட்ட தீ ஃபிரிச், போர்கர் ஊர்கள் இருக்கும் திசையில் வளர்ந்துகொண்டிருந்தது. அதுவும் மின்கம்பியால் மூண்டதே என்று பின்னர் புலனாய்வாளர்கள் முடிவுசெய்தார்கள். இருந்த வண்டிகள் பிரிந்துபோயின.

இரண்டாம் நாள்: காற்று திரும்பியது

27ஆம் தேதி குளிர்முனை வந்தது. மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் வடக்கிலிருந்து காற்று அடித்தது. அதுவரை கிழக்கு நோக்கி ஓடிய தீயின் தென்பக்கம் முழுவதும், அதன் முழு நீளத்துக்கும், ஒரே நேரத்தில் தலையாக மாறித் தெற்கு நோக்கிப் பாய்ந்தது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் செனியும் கூல்டும் 1986 இல் அந்நாட்டின் வடக்குப் பிரதேசத்தில் புல்வெளியில் சோதனைத் தீக்களை மூட்டி அளந்தார்கள். காற்றும் புல்லும் ஒன்றாகவே இருந்தாலும், தலையின் அகலம் கூடக் கூடத் தீயின் வேகமும் ஓர் எல்லைவரை கூடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். ஒரு புள்ளியில் பற்றும் தீ அதன் முழு வேகத்தை எட்டச் சற்று நேரம் எடுக்கிறது. பல கிலோமீட்டர் நீளமுள்ள பக்கம் தலையாக மாறும்போது அந்தத் தாமதமே இல்லை. அது பிறக்கும்போதே முழு அகலத்தோடும் முழு வேகத்தோடும் பிறக்கிறது. தப்பியோட மக்களுக்குக் கிடைக்க வேண்டிய அந்தச் சில நிமிடங்களும் அதனால் பறிபோகின்றன.

கனேடியன் என்ற ஊர் இதை நேரடியாக அனுபவித்தது. சுமார் 2,000 பேர் வாழும் ஊர். நாற்புறமும் நெருப்பு நெருங்கியதால் வெளியேறும் சாலைகள் அடைபட்டன. இருந்த இடத்திலேயே பாதுகாப்பாகத் தங்கும்படி மக்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. ஊரின் மையப்பகுதி தப்பியது. ஓரங்களில் வீடுகள் எரிந்தன. அதே மாலையில், அமரில்லோவுக்கு அருகிலிருக்கும் பான்டெக்ஸ் அணு ஆயுத ஆலை, விண்டி டியூஸ் தீ நெருங்கியதால் அவசியமில்லாத ஊழியர்களை வெளியேற்றியது. மறுநாள் வழக்கம்போல் திறந்தது. ஆளுநர் கிரெக் அபாட் 60 கவுண்டிகளுக்குப் பேரிடர் அறிவிப்பு வெளியிட்டார். புதன் காலைக்குள் எரிந்த பரப்பு 5 லட்சம் ஏக்கரை எட்டியிருந்தது. அன்றே அது 8.5 லட்சமாக உயர்ந்தது.

இந்தக் கட்டத்தில் எந்தப் படையாலும் அந்தத் தலையை நிறுத்தியிருக்க முடியாது. இதைச் சொல்வது யாரையும் காப்பாற்றுவதற்காக அல்ல. நிறுத்தக்கூடிய வாய்ப்பு இருந்தது அதற்கு முந்தைய இரவில். காற்று சற்றே தணிந்து, குளிர் இறங்கி, புல் கொஞ்சம் ஈரம் வாங்கும் நேரம் அது. தென்பக்கத்தில் அந்த இரவுக்குள் அணைக்கப்பட்ட ஒவ்வொரு கிலோமீட்டரும், மறுநாள் தலையாக மாறாத ஒரு கிலோமீட்டர். குளிர்முனை வரும் என்று தெரிந்த நாளில் தென்பக்கத்துக்கே முதல் உரிமை கொடுத்து, பக்கத்து கவுண்டிகளின் கிரேடர்களையும் தொட்டி லாரிகளையும் முன்கூட்டியே அங்கே குவித்து வைப்பதுதான் செய்யத்தக்க வேலை. அத்தனை நீளத்தையும் முடித்திருக்க முடியாது. ஆனால் ஊர்களுக்கு நேர் வடக்கே இருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுத்து முடிக்கலாம்.

கட்டுக்குள் கொண்டுவந்தது எது

29ஆம் தேதி, வியாழக்கிழமை, பனி பெய்தது. அன்று ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ அருகிலிருந்த இன்னொரு தீயோடு இணைந்து 10 லட்சம் ஏக்கரைக் கடந்தது. கட்டுப்பாடு 3 விழுக்காடு. இந்த விழுக்காட்டைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எரிந்த பரப்பில் எவ்வளவு அணைந்தது என்பதல்ல அது. தீயின் வெளி எல்லையில் எவ்வளவு நீளத்துக்கு நம்பத்தக்க கோடு போடப்பட்டிருக்கிறது என்பதே அதன் கணக்கு. ஆகவே 3 விழுக்காடு என்றால் மீதி 97 பகுதியும் கொழுந்துவிட்டு எரிகிறது என்று பொருளல்ல. அங்கெல்லாம் யாரும் நடந்து சரிபார்த்து உறுதி சொல்லவில்லை என்றே பொருள்.

பனி சுடரை அடக்கியது, ஆனால் வேலையை முடிக்கவில்லை. அடுத்த வார இறுதியில் காற்று மறுபடி எழும் என்ற எச்சரிக்கை வந்தது. கிடைத்த இடைவெளியில் படைகள் எல்லையோரம் சுற்றின. கனேடியன் ஆற்றுப் படுகையில் காட்டன்வுட் என்ற பெரிய மரங்கள் உள்ளீடு எரிந்து புகைந்தன; சரிவுகளில் ரெட் சீடர் என்ற ஊசியிலை மரங்கள் நின்ற இடங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டியிருந்தது. புல் நொடிகளில் எரிந்து தீரும். மரமும் சாணமும் நாட்கணக்கில் நெருப்பைக் காக்கும். எங்கே சாலையோ உழுத நிலமோ பச்சைக் கோதுமை வயலோ தடுப்பாக இருந்ததோ, அங்கே கோடு எளிதாக நின்றது. குளிர்காலக் கோதுமை பிப்ரவரியில் பச்சையாக இருக்கும். அந்த வயல்கள் தீயணைப்பு வண்டிகளுக்கும் மாடுகளுக்கும் தஞ்சம் தரும். எங்கே எந்த வயல் பச்சையாக இருக்கிறது என்று உள்ளூர்ப் பண்ணைக்காரருக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வரும் படைக்குத் தெரியாது. அந்தத் தகவலை முன்கூட்டியே வரைபடத்தில் ஏற்றிவைக்க அதிகச் செலவு ஆகாது. ஒவ்வொரு கவுண்டியும் இதை ஆண்டுதோறும் செய்ய வேண்டும்.

விமானங்களைப் பற்றி ஒரு சொல். முதல் மணிநேரங்களில் விமானம் வரவில்லை என்ற கோபம் அப்பகுதி மக்களிடம் ஆழமாக இருந்தது, நியாயமான கோபம்தான். அப்போது டெக்சாஸுக்குச் சொந்தமாகத் தீயணைப்பு விமானப் படை இருக்கவில்லை. ஒப்பந்தத்தில் எடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றில் விமானம் தாழப் பறக்க முடியாது. பறந்தாலும் கொட்டும் திரவம் காற்றில் சிதறிவிடும். மேலிருந்து விழும் தண்ணீர் தீயை மட்டுப்படுத்தும், அணைத்து முடிக்காது. கீழே ஒரு வண்டி வந்து அந்த ஓரத்தைக் கிளறி முடிக்க வேண்டும். வண்டி இல்லாத இடத்தில் விமானம் வாங்கித் தருவது பாதி வேலைதான்.

இழப்பு

ஸ்டின்னெட் அருகே ஒரு மூதாட்டியும், கனேடியன் அருகே லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் உயிரிழந்தார்கள். ஃபிரிச் ஊரின் தீயணைப்புத் தலைவர் மார்ச் 5 அன்று ஒரு வீட்டுத் தீயை அணைக்கும் பணியில் இறந்தார். அந்த வாரம் பான்ஹேண்டிலில் எரிந்த எல்லாத் தீக்களையும் சேர்த்து, 138 வீடுகளும் கட்டடங்களும் அழிந்தன, 15,000க்கும் மேற்பட்ட மாடுகள் மடிந்தன என்று டெக்சாஸ் சட்டமன்றக் குழு பதிவுசெய்தது.

மாடுகளைப் பற்றிய கணக்கில் ஒரு பகுதி மறைந்துவிடுகிறது. அது கன்று ஈனும் பருவம். தீயில் உடனே இறக்காத மாடுகளின் குளம்பும் மடியும் வெந்திருந்தன. மடி வெந்த பசு கன்றுக்குப் பால் கொடுக்க முடியாது. குளம்பு கழன்ற மாடு நடந்து மேய முடியாது. பல நாட்கள் கழித்து அவற்றைத் தாங்களே கொல்ல வேண்டியிருந்தது பண்ணைக்காரர்களுக்கு. தீ வருவது தெரிந்ததும் முள்வேலியை வெட்டித் திறந்துவிட்டவர்களின் மாடுகள் பல தப்பின. ஆயினும் எரிந்த வேலி, எரிந்த வைக்கோல், ஊர்விட்டு ஊர் சிதறிய மந்தை என்று மீண்டெழும் வேலை நீண்டது. பிற மாநிலங்களிலிருந்து லாரி லாரியாக வைக்கோல் வந்து இறங்கியது. புல்லுக்கு மட்டும் பெரிய சேதமில்லை. அதன் வேர் நிலத்தடியில் பத்திரமாக இருந்தது. மழை வந்ததும் அது துளிர்த்தது. உடனே மாட்டை விட்டு மேய்த்தால் அந்தத் துளிர் நிலைக்காது. ஆகவே மேய்ச்சலைத் தள்ளிப்போட வேண்டும். ஆனால் மேய்ச்சலைத் தள்ளிப்போட அவர்கள் கையில் வேறு தீவனம் இருக்க வேண்டும்.

கம்பமும் அதன் பின்கதையும்

மார்ச் 7 அன்று எக்செல் எனர்ஜி நிறுவனம், தன் மின்கட்டமைப்பு இந்தத் தீ மூண்டதில் தொடர்புடையதாகத் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டது. கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டை மறுத்தது. டெக்சாஸ் வன சேவையின் விசாரணையும் மின்கம்பியே காரணம் என்றது. சட்டமன்றக் குழு ஏப்ரல் 2 முதல் 4 வரை பாம்பா நகரில் பொது விசாரணை நடத்தியது. அதன் தலைவர் கென் கிங், தீ சூழ்ந்த அதே கனேடியன் ஊர்க்காரர். மே 1 அன்று வெளியான அறிக்கை, உளுத்த கம்பத்தையும், எண்ணெய் வயல்களில் கைவிடப்பட்ட, பராமரிப்பற்ற மின்சாதனங்களையும், விமான உதவி இல்லாமையையும், படைகளின் வானொலித் தொடர்புக் கருவிகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் போனதையும், தன்னார்வப் படைகளின் பணத்தட்டுப்பாட்டையும் சுட்டிக்காட்டியது.

மரக் கம்பம் பெரும்பாலும் மண்மட்டத்தை ஒட்டித்தான் உளுக்கும். மேலே பார்த்தால் உறுதியாகத் தெரியும். அடியில் மண்ணைத் தோண்டி, தட்டி, துளையிட்டுப் பார்த்தால்தான் உள்ளீடு எவ்வளவு மிச்சம் என்று தெரியும். மெதுவான, சலிப்பூட்டும் வேலை. லட்சக்கணக்கான கம்பங்களுக்குச் செய்ய வேண்டும். ஆனால் எல்லாக் கம்பங்களும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. மேற்குக் காற்றுக்கு நேராக, உயரமான புல் நிற்கும் மேய்ச்சல் நிலத்தில், தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைவில் நிற்கும் கம்பங்களைக் குளிர்காலத்துக்கு முன் முதலில் சோதிக்க வேண்டும். மழை மிகுந்த ஆண்டில் இது இன்னும் கட்டாயம். 2006 இலும் காரணம் மின்கம்பிகளே என்று கண்டறியப்பட்டிருந்தது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே நிலத்தில் அதே காரணம் என்பதை ஏற்க என் மனம் மறுக்கிறது.

2025 சட்டமன்றக் கூட்டத்தொடரில், கம்பங்களைச் சோதித்துப் பராமரிக்கும் திட்டத்தை மின்நிறுவனங்கள் அரசிடம் சமர்ப்பிக்க வேண்டும் என்ற சட்டம் நிறைவேறியது. விமானங்களுக்கும், தன்னார்வப் படைகளின் தேங்கிக் கிடந்த விண்ணப்பங்களுக்கும் நிதி ஒதுக்கப்பட்டது. அந்த நிதியில் வரும் டிரக்குகளும் கிரேடர்களும் குளிர்முனைக்கு முந்தைய இரவில் எந்தப் பக்கத்தில் நிற்கும் என்பதை ஒவ்வொரு கவுண்டியும் இப்போதே எழுதிவைக்க வேண்டும்.